முகத்தில் அடித்த காற்று

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் தேன்மொழி போனில், "அம்மா, முள்ளு மேல ஏறுதும்மா" என்றாள். மற்ற வீடுகளில் இதைக் கேட்டால் காலில் முள்ளா, தொண்டையில் முள்ளா என்று விசாரிப்பார்கள். எங்கள் வீட்டில் முள் என்றால் காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள். தொண்டையில் மீன் முள் என்றால்கூட நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

அவள் ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் மலையேறிப் போய் வந்துகொண்டிருந்தவள், சில மாதங்களுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினாள். லைசென்ஸ் கைக்கு வந்த சூடு இன்னும் ஆறவில்லை. அந்த வாரம்தான் ஏசியில் குளிர்ச்சி இல்லை என்று திருப்பத்தூரில் பாபு என்கிற ஏசி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு எடுத்தோம். கண்டென்சரை மாற்றி, கேஸ் நிரப்பி, துடைத்துக் கொடுத்தான். ஏசி பழரசக் கடை ஃப்ரீசர் மாதிரி ஆகிவிட்டது. திருப்பத்தூரிலிருந்து வீடு வரும் வரை தேன்மொழி துப்பட்டாவைத் தோளில் போர்த்திக்கொண்டு ஓட்டினாள். அதற்குப் பிறகு வண்டி முதல்முதலாக மலையேறியது அந்தச் சனிக்கிழமை.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள். "அக்கா, இப்ப ஸ்கேனர மாட்டினா வண்டியே வாயத் தொறந்து சொல்லிடுது. நீங்கள்லாம் இன்னா பண்ணீங்க, ஜோசியமா பாத்தீங்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் செய்வார்கள். அந்தச் சனிக்கிழமை கதையை அரைகுறையாகச் சொன்னதும் கிண்டல் நின்றது. முழுசாக எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வேலூரில் ஒரு கார் சர்வீஸ் ஸ்டேஷனில் சேர்ந்தேன். மின் பிரிவில் ஒரே பெண். ஆரம்பத்தில் வண்டி கொண்டு வருகிறவர்கள் என்னிடம், "ஏம்மா, மெக்கானிக் எங்க?" என்று கேட்பார்கள். "வண்டிக்கு அடியில பாருங்க" என்று சொல்லிவிட்டு நானே அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துப் படுத்துக் கழுத்தெலும்பு தேய்ந்து, ஐம்பதைத் தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். நடுவில் இருந்த வருஷங்களை விட்டுவிடுகிறேன். எல்லாம் ஒயரும் ஃப்யூஸும்தான்.

விட முடியாத ஆள் ஒருவர் உண்டு. எங்கள் ஃபோர்மேன் கரீம் பாய். கிரீஸும் ஆயிலுமாகக் கிடக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பாரே தவிர எதையும் தொட மாட்டார். தொடுவதற்கு முன்னால் ஒரு டீ. டீ குடிக்கும்போது கேள்வி. அவருக்கு ஆகாத வார்த்தை ஒன்று இருந்தது: ஓடுது.

"ஃபேன் இன்னா பண்ணுது?" என்று கேட்பார்.

"ஓடுது பாய்."

"ஓடுதுன்னா? கடியாரம்கூடத்தான் ஓடுது. அத ரேடியேட்டர் பின்னால மாட்டிடலாமா? காத்த எங்கேர்ந்து எடுக்குது, எங்க தள்ளுது, அத சொல்லு."

எனக்கு எரிச்சலாக வரும். ஃபேன் ஓடினால் ஓடுகிறது, இதில் என்ன வக்கீல் விசாரணை என்று நினைப்பேன். அவர் போன பிறகு பையன்கள் அவர் குரலிலேயே, "டீ இன்னா பண்ணுது? கொதிக்குதுன்னா? எந்தப் பக்கம் கொதிக்குது?" என்று நடித்துக் காட்டுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவருடைய வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வேறு நிறமாக, வழவழவென்று இருக்கும். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் கொதித்து வந்த வண்டியின் ரேடியேட்டர் மூடிப் பக்கம் யாராவது கையைக் கொண்டு போனால், வெள்ளைச் சட்டையைப் பார்க்காமல் குறுக்கே போய் நிற்பார். கொதிக்கிற ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு அடைந்து கிடக்கும். மூடியைத் திருகினால் பீறிட்டு முகத்துக்கு வரும். அதற்கு அவர் கையே போதும், விளக்கம் தேவைப்படவில்லை.

என் வேலைக்காலத்தில் தூக்கத்தைக் கெடுத்த வண்டி ஒன்று உண்டு. ஏலகிரியில் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மாளுடைய கார். எங்கோ வெளியில் ஏசி வேலை பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து மலையேறினால் கொதிக்கிறது. எங்களிடம் கொண்டு வந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி ஓட விட்டால் ஒன்றும் இல்லை, முள் நடுவில் தவம் செய்கிறது. பெங்களூர் ரோட்டில் வேகமாக ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. மலைக்குப் போனால் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் ஆவி. தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். வாட்டர் பம்ப்பை மாற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் திரும்பி வந்து, கோபத்தைக் கைக்குட்டையில் மடித்து வைத்த மாதிரி, "ஏசி ரொம்ப நல்லா இருக்குதுங்க. வண்டிதான் ஏற மாட்டேங்குது" என்பார்.

"ஃபேன பாத்தியா?" என்று கரீம் பாய் கேட்டார்.

"ரிலே பாத்தேன் பாய், ஃப்யூஸ் பாத்தேன், மோட்டாருக்கு முழு வோல்ட்டேஜ் வருது. ஓ..." வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

அவர் சட்டைப்பையில் துழாவி அன்றைய பஸ் டிக்கெட்டை எடுத்தார். ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டால் ஃபேனும் சேர்ந்து சுற்றும். வண்டிக்கு முன்னால் குனிந்து டிக்கெட்டைக் கிரில் மேல் வைத்துக் கையை எடுத்தார். அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காரில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருக்கிறது. அது முன்பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். டிக்கெட் ஒட்டவில்லை. பறந்து வந்து அவர் வெள்ளைச் சட்டை மேல் விழுந்தது.

ஏசி வேலை பார்த்தவன் ஃபேன் ஒயரை அறுத்து மறுபடி முறுக்கும்போது இரண்டையும் இடம் மாற்றி இணைத்திருக்கிறான். டிசி மோட்டார், ஒயர் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். நின்ற இடத்தில் எந்தப் பக்கம் ஊதினாலும் ஓரளவு சூடு போய்விடும். வேகமாகப் போனால் வருகிற காற்று ஃபேனைத் தோற்கடித்துவிடும். மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போதுதான் வருகிற காற்றும் ஃபேன் தள்ளுகிற காற்றும் நேருக்கு நேர் முட்டி, சரிசமமாகி, ரேடியேட்டரில் காற்றே இல்லாமல் போகும். இப்போதும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஸ்கேனர் நல்ல கருவிதான். ஃபேனுக்குக் கரண்ட் போகிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அதற்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தச் சனிக்கிழமை தோசைக்கரண்டியோடு நின்றுகொண்டு போனில் பேசினேன்.

"எங்க கீற?"

"காவலூர் இன்னும் வரலைம்மா. மூணாவது வளைவு தாண்டி ஓரமா நிறுத்திட்டேன். செவப்பு கோடு கிட்ட வந்துடுச்சி."

"இன்ஜின ஆஃப் பண்ணாத. ஏசி ஓடுதா? ஓடட்டும். எறங்கி முன்னால போய் நில்லு. காத்து வருதா பாரு."

கதவு சாத்துகிற சத்தம். பிறகு, "வருதும்மா. நல்லா வருது. சூடா மூஞ்சிலயே அடிக்குது."

"அப்பாடா. அப்ப ஃபேன் ஓடுது. தண்ணிதான் கொறஞ்சிருக்கும். தண்ணி இருக்கா..."

லைன் போய்விட்டது. அந்த மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு வரும், போகும். இதில் பதற ஒன்றுமில்லை என்று தோசையைத் திருப்பினேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "இன்னாவாம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. வண்டி கொஞ்சம் சூடாயிடுச்சி. ஃபேன் நல்லாதான் ஓடுது, காத்து மூஞ்சில அடிக்குதாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. ஓடுது என்று சொல்லியிருக்கிறேன். முன்னால் நிற்கிறவள் முகத்தில் காற்று அடிக்கிறது என்கிறாள். அதைக் கேட்டு அப்பாடா என்றும் சொல்லியிருக்கிறேன். அதைவிட மோசம், தண்ணீர் குறைந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன், மூடியைத் தொடாதே என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அம்மா சொன்னால் அந்தப் பெண் சும்மா இருக்க மாட்டாள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள். பார்க்க ஒரே வழி அந்த மூடிதான்.

கரீம் பாயின் கையில் அந்த வழவழப்பு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கை அளவில் அல்ல, ஒரு முகம் அளவில்.

போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. அதே பெண், அதே குரல், அதே நிதானம்.

"வண்டிய எடுங்க," என்றேன்.

"சட்ட போட்டுட்டு வர்றேன்."

"சட்ட போட்டுட்டே வாங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்த டூல் பெட்டியை இழுத்தேன். வாசலுக்கு வருவதற்குள் பாபுவுக்கு ஒரு போன். "பாபு, ஏசி வேலைல ஃபேன் மோட்டாரும் மாத்தினியா?"

"ஆமாக்கா. பழசு சத்தம் போட்டுச்சி, புதுசு போட்டுவுட்டேன். காசுகூட வாங்கலியே."

"ரிவர்ஸ்ல சுத்துது. புள்ள மூணாவது வளைவுல நிக்குது."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "வர்றேங்க்கா" என்று போனை வைத்துவிட்டான்.

எங்களிடம் இருப்பது ஒரு மொபெட். உரமூட்டையும் புண்ணாக்கு மூட்டையும் சுமந்து பழக்கப்பட்ட வண்டி. என்னையும் பெட்டியையும் அவரையும் சேர்த்து மலைக்கு இழுக்க அதற்கு இஷ்டமில்லை. ஊர் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் முனகத் தொடங்கிற்று.

"அவ படிச்ச புள்ள. தானா போய் கைய வெப்பாளா?" என்றார் அவர்.

"கணக்கு படிச்சிருக்கா. ரேடியேட்டர் படிக்கல."

"நீ எத்தினி வருசம் இந்த வேல பாத்த, வூட்ல ஒரு வாட்டிகூட சொன்னதில்லையா?"

சொன்னேனா இல்லையா என்று நிஜமாகவே நினைவில்லை. ரசத்தில் புளி எவ்வளவு, பேங்க்கில் எங்கே கையெழுத்து, இரவில் யாரையும் ஏற்றாதே, இதெல்லாம் சொன்னது நினைவிருந்தது.

இரண்டாம் வளைவு ஏறும்போது மொபெட் நின்றேவிட்டது. "எறங்கு, நான் தள்ளிட்டு வர்றேன்," என்றார். நான் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஐம்பது தாண்டியவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலைரோட்டில் ஓடுவதைப் பார்த்து எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கையாட்டினவர்களும் உண்டு.

மூன்றாம் வளைவுக்கு அப்பால் புளியமரத்து நிழலில் கார். பானெட் திறந்திருந்தது. ஓரங்களில் ஆவி. தேன்மொழி ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பானெட்டுக்குள் குனிந்து நின்றாள். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு மலைக்காரர். சாமைக்கொல்லையில் வேலையாக இருந்தவர், கேனோடு உதவிக்கு வந்திருக்கிறார். தலைப்பாகைத் துண்டில் பாதியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்திருந்தார்.

கத்தத்தான் நினைத்தேன். மூச்சு இல்லை. உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது, மூடி முதல் திருகு திரும்பியிருந்தது. நான் தேன்மொழியைத் தோளால் இடித்துத் தள்ளினேன். அவள் கேனோடு மண்ணில் விழுந்தாள். அந்தப் பெரியவரின் கை மேல் என் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன்.

"வுடாதீங்க. அழுத்துங்க. கீழ அழுத்துங்க."

"இன்னாம்மா இது, தண்ணி ஊத்த வந்தா கையப் புடிக்கற?"

"அழுத்திட்டே இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். சத்தம் நின்றது. என் இரண்டு விரல்களில் ஆவி பட்டுச் சிவந்துவிட்டது, அவ்வளவுதான். நானும் அவரும் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் குமிழ்விட்டுக் குமிழ்விட்டு அடங்கியது.

"நீதானம்மா தண்ணி இருக்கான்னு பாக்கச் சொன்ன," என்றாள் தேன்மொழி மண்ணிலிருந்து.

"சொன்னேன்," என்றேன். போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் இருந்தது. "இன்னாம்மா, காய்ச்சல் பாக்கறியா?" என்றாள்.

மலைக்காரர் துண்டை உதறி மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். "எங்க ஊர்ல சோத்துப் பானைகூட மூடிய தொறந்தாதான் அடங்கும். உங்க பானை மூடினாதான் அடங்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் சந்தேகத்துக்குத் தானே சிரித்தார்.

இன்ஜினை நிறுத்தி ஆற விட்டோம். அதற்குள் என் வீட்டுக்காரர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்ப் புளியமரத்தில் சாய்ந்துகொண்டார்.

பானெட்டைக் கையால் தொட முடிகிற அளவு ஆறியதும் பாட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றினேன். ஃபேனுக்குப் போகிற சாக்கெட்டைப் பிரித்தேன். பாபு ஒயரை அறுத்து முறுக்கவில்லை, சுத்தமாகத்தான் செய்திருந்தான். தவறு புது மோட்டாரிலேயே இருந்தது. செய்தவர்கள் சாக்கெட்டுக்குள் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகியிருந்தார்கள். அழகாகப் பொருந்தும், தப்பாகச் சுற்றும். அப்படிப்பட்ட சாக்கெட்டுக்குள் ஒயரைப் பிடித்து வைத்திருக்கும் சின்னத் தகட்டை அமுக்கினால்தான் ஒயர் வெளியே வரும். அதற்கென்று விற்கிற கருவி என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. தாலிச் சரட்டில் மாட்டியிருக்கும் ஊக்குதான். வேலூரில் பையன்கள் சாக்கெட் கழற்றத் திணறினால் "சாந்தியக்கா, ஊக்கு" என்று வருவார்கள். வேலை முடிந்ததும் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விரல் எரிச்சலில் ஊக்கு முதலில் தகட்டில் நிற்கவில்லை. தேன்மொழி, "குடும்மா," என்று வாங்கினாள். "எங்க குத்தணும்?"

"குத்தாத. உள்ள வுட்டு லேசா அமுக்கு. அமுக்கிட்டே ஒயர இழு."

இழுத்தாள். டக்கென்று வந்தது. இன்னொன்றும் வந்தது. இடம் மாற்றிச் செருகினாள். கணக்கு டீச்சர் இல்லையா, "மைனஸும் மைனஸும் ப்ளஸ்ஸா?" என்றாள். ரேடியேட்டர் நன்றாக ஆறியபின் துண்டு போட்டு மூடியை நான் திறந்தேன், அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு. தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மலைக்காரரின் கேனிலிருந்து ஊற்றினோம். சாக்கெட்டையும் பாட்டரியையும் மறுபடி மாட்டி, வண்டியைக் கிளப்பி ஏசியைப் போட்டேன். கிரில் மேல் ஒரு புங்க இலையை வைத்துக் கையை எடுத்தேன். ஒட்டிக்கொண்டது. அந்தப் பெரியவர் அதைப் பிய்த்து எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி பிய்த்து, "இஸ்துக்குது பாரு," என்று ரசித்தார். அவர் போகிற வரை அந்த விளையாட்டு நடந்தது.

தேன்மொழி பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னாள். நான் விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, முள் நடுவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவிலேயே நின்றது. ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

அப்போதுதான் கீழே வளைவில் பைக் சத்தம் கேட்டது. பாபு. ஹெல்மெட் இல்லை, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பைக்கை நிறுத்தியும் இன்ஜினை அணைக்கவில்லை. தேன்மொழியை மேலிருந்து கீழ் வரை ஒரு தரம் பார்த்தான். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடித் திறந்தான். பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"பொட்டிய மூடிடாதீங்கக்கா," என்றான். "இதே கம்பெனி மோட்டார நேத்து இன்னொரு வண்டிக்கும் போட்டேன். குடும்பத்தோட ஜமுனாமரத்தூர் அருவிக்கு கெளம்பிட்டாங்களாம், ஆளு போன் எடுக்கல. ஆலங்காயத்துல டீ குடிச்சிட்டு இருந்தவங்கள பாத்தேன், புள்ளைக்கு இன்னா ஆச்சோன்னு நிக்காம வந்துட்டேன். பின்னாலதான் ஏறி வர்றாங்க."